சம்பந்தி வீட்டு நாய்

ஜனவரி 12

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, சம்பந்தி ஐயாவின் இருமல் நின்றதா என்று எழுதுங்கள். இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நெசவாலையில் இருந்த வருஷங்கள் என் காதை என்ன செய்தன என்று உங்களுக்குத் தெரியும். போன தடவை நீங்கள் போனில் கத்த, நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்தேன். எதற்கு ஆமாம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்குக் கடிதம்தான் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளும் என் மகனும் வந்து நாயை விட்டுவிட்டுப் போனார்கள். அவள் விலங்குக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதே என்றாவது இது நடக்கும் என்று நினைத்திருந்தேன். குட்டி போட வைத்து விற்கிற ஒரு கொட்டகையை மூடிவிட்டார்களாம். அங்கிருந்து மீட்ட ஏர்டேல் டெரியர் நாய்களில் இரண்டுக்கு மட்டும் வீடு கிடைக்கவில்லையாம். அவர்கள் இருக்கும் அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதி இல்லை. ஆகவே ஆண் எனக்கு, பெண் உங்களுக்கு. என்னைக் கேட்டுக்கொண்டுதான் செய்தார்களா என்றால், கேட்டார்கள். நாயைக் காரிலிருந்து இறக்கிய பிறகு.

நல்ல உயரம். முதுகில் கறுப்புப் போர்வை போர்த்தியது மாதிரி ரோமம், தலையும் காலும் பழுப்பு. முகத்தில் தாடி. தண்ணீர் குடித்துவிட்டு அவன் நடந்தால் வீடு முழுக்க ஈரம். நான் சோபாக்களுக்கு மெத்தை கட்டும் நேரமெல்லாம் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

தங்கமான நாய். ஒரு குறை சொல்ல முடியாது. உங்கள் மகள் தேர்ந்தெடுத்தது ஆயிற்றே!

பிள்ளைகள் நலமாகத்தான் தெரிந்தார்கள். உட்காரச் சொன்னேன். அவசரம் என்று இரண்டு பேரும் நின்றபடியே டீ குடித்தார்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 29

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. இவருடைய இருமல் இவரைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. என் முழங்காலில் கிளட்ச் மிதிக்கிற பக்கம்தான் வலி. பிரேக் மிதிக்கிற கால் நன்றாக இருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்குப் பிரேக் கால் ஒன்று இருந்தால் போதும். நீங்கள் குனிந்து தைத்துத் தைத்துக் கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவளைப் பற்றி என்ன சொல்ல! காலையிலேயே பயிற்சிக் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். ஓட்டுகிறவன் சிக்னலில் நின்றால் ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறாள், யாராவது ஏறுகிறார்களா என்று சரிபார்ப்பது மாதிரி. கண்டக்டரம்மா என்று மாணவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். நேற்று ஒருத்தி பின்னால் எடுத்து நிறுத்தப் பழகும்போது இவள் தாடித் தண்ணீர் அவள் பிடரியில் சொட்டியது. அந்தப் பெண் அசையவில்லையே! அப்படி ஒரு கவனம் வந்துவிட்டது எல்லாருக்கும்.

கார் என்றால் உயிர் அவளுக்கு. வீட்டுக்குள் வா என்று கூப்பிட்டால்கூட, உங்களுக்கு எதற்குச் சிரமம், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்கிற அடக்கம். இவர் சாப்பாட்டுத் தட்டைக் காருக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தந்ததில்லை.

மாப்பிள்ளை அன்றைக்கே சொன்னார், "அத்தை, இவ ஒரு தொந்தரவும் தரமாட்டா பாருங்க"ன்னு. அவர் வாக்கு பலித்துவிட்டது.

ரோமத்தைக் கத்தரிக்கக் கூடாது, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுக்க வேண்டும் என்று என் மகள் பாடம் எடுத்தாள். யாருக்கு நேரம்? கடையில் கொடுத்து மெஷின் போட்டு வாங்கி வந்துவிட்டேன். வழுவழுவென்று இருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 16

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். கண்டக்டரம்மாவைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். ஆனால் மெஷின் மட்டும் இனிமேல் போடாதீர்கள். இந்த ஜாதி நாய்க்கு மெஷின் போட்டால் ரோமம் பஞ்சாகிவிடுமாம், நிறமும் வெளுத்துவிடுமாம். நான் மத்தியானத்தில் மேஸ்திரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பழைய சோபாவிலிருந்து நார் பிடுங்குவது போலப் பிடுங்குகிறேன். முற்றியது தானாகக் கையோடு வருகிறது. அவனுக்கு வலிப்பதில்லை. முதலில் நடுங்கினான். இப்போதும் நடுங்குகிறான், ஆனால் நின்றுகொண்டு நடுங்குகிறான். அவ்வளவு பணிவு.

இந்த வீட்டில் அவன் ஒரு சாமானையும் தொட்டதில்லை. ஒரே ஒரு நாள் மகனுடைய ஷூவில் வலது காலை மட்டும் மென்றுவிட்டான். மறுநாள் காலை என் மகன் வெறும் செருப்போடு ஆபீசுக்குப் போனான். அதற்கும் கோபப்படவில்லை. பிள்ளைகளுக்கு நாய் என்றால் அப்படி ஒரு பாசம்.

ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறைக்குப் பெரிய சோபா ஒன்று வந்திருக்கிறது. மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 7

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் இருக்கிறோம். பதில் தாமதமாகிவிட்டது. லைசென்ஸ் தேர்வு நேரம், மாணவர் கூட்டம் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அது பொய்.

உங்கள் மகனுடைய ஷூ உங்கள் வீட்டில் என்ன செய்கிறது என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர் அங்கிருந்து ஆபீசுக்குப் போனது ஏன் என்றும் கேட்கவில்லை. ஒரு மகன் தாய் வீட்டில் ஒரு ராத்திரி தங்கக் கூடாதா? தாராளமாகத் தங்கலாம். இவரும் அதைத்தான் சொன்னார். அதனால் நான் கேட்கவில்லை.

நாயைப் பற்றி எழுதுகிறேன். நாயைப் பற்றியாவது உண்மையை எழுதுகிறேன்.

கண்டக்டரம்மாவுக்குக் கார்மேல் உயிரெல்லாம் இல்லை. இறங்கப் பயம். கூண்டிலேயே வளர்ந்தவளுக்கு அந்தப் பின் சீட்டுதான் கூண்டு. இழுத்து இறக்கினால் முற்றத்தில் சுற்ற ஆரம்பிக்கிறாள். விளையாட்டுச் சுற்றல் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரே இடத்தில், ஒரு சின்ன வட்டம், நிறுத்தாமல். புல் தேய்ந்து மண் தெரிகிறது. துடைப்பத்தை எடுத்தால் சீட்டுக்கு அடியில் நுழையப் பார்க்கிறாள். அவ்வளவு பெரிய உடம்பு, பாதிதான் நுழைகிறது, மீதி பாதி வெளியே நடுங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. மாணவர்களில் இரண்டு பேர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். ரோமம் பஞ்சாகிவிட்டது, நீங்கள் சொன்னபடியே.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். சம்பந்தி வீட்டிலிருந்து வந்ததைக் குறை சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டித்தான் என்னை வளர்த்தார்கள். மாப்பிள்ளை தன் கையால் கொண்டுவந்து விட்ட நாய். உங்களுடையது தங்கம், என்னுடையது மட்டும் இப்படி என்றால், கோளாறு வளர்ப்பில் என்று ஆகிவிடாதா? நாயைச் சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 13

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேஸ்திரியைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு சிரித்தேன். உங்கள் முழங்காலை விசாரிக்கக்கூட இன்று பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

அவன் தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. அந்தப் பல் மருத்துவரின் சோபாவை அடியிலிருந்து கிழித்து, உள்ளே இருந்த அத்தனை நாரையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டான். நான் ஒரு வாரம் கட்டியதை அவன் ஒரு மத்தியானத்தில் அவிழ்த்துவிட்டான். மருத்துவர் மனைவி வந்து பட்டறை வாசலில் நின்று கத்தினாளாம். எனக்குக் காது கேட்காதது அன்றைக்கு ஒரு நாள் உதவியது. சாப்பாட்டை வாயில் எடுத்துக்கொண்டு போய்த் துணி மூட்டைக்குள் ஒளித்து வைக்கிறான். அவனும் சுற்றுகிறான் சம்பந்தி அம்மா. வெட்டு மேஜையின் காலைச் சுற்றி, எப்போதும் இடப்பக்கமாகவே. உங்களவள் எந்தப் பக்கம்?

நானும் உங்களைப் போலத்தான். மருமகள் கொடுத்த நாயைக் குறை சொன்னால் மருமகளைக் குறை சொன்னதாக ஆகும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் புளுகினேன்.

ஷூவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். நாயை விட்டுவிட்டுப் போன மறு வாரமே என் மகன் பெட்டியோடு வந்தான். "ரெண்டு வாரம் இருக்கேம்மா" என்றான். இன்னும் மாடி அறையில்தான் இருக்கிறான். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். ஏன்டா என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொல்கிறான். உதட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொல்ல விரும்பாததையெல்லாம் முதுகைக் காட்டித்தான் சொல்வான். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பித்துப் பிடிக்கிறது.

உங்கள் மகள் ஏதாவது சொன்னாளா?

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மே 2

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். எங்களவளும் இடப்பக்கம்தான்.

எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். என் மகளும் சத்தியம் வாங்கினாள். நம் இருவரையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நன்றாகத்தான் விளையாடியிருக்கிறார்கள். கை நீட்டினாரா? இல்லை. குடியா? இல்லை. வேறு யாராவது? இல்லவே இல்லை. "ஒண்ணும் இல்லம்மா. சேர்ந்திருந்தா மூச்சு முட்டுது. அவனுக்கும் அப்படித்தான்" என்கிறாள். மூச்சு முட்டுகிறதாம்! ஜன்னலைத் திற என்றேன். போனை வைத்துவிட்டாள்.

நீங்கள் அழுதீர்கள், சிரித்தீர்கள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நேற்று ஒரு மாணவனைத் திரும்பு திரும்பு என்று சொல்லி ஒரே தெருவை எத்தனை முறை சுற்ற வைத்தேன் என்று தெரியாது. கடைசியில் அவனே, "மேடம், நம்ம எங்க போறோம்?" என்று கேட்டான். அந்த நிமிஷம்தான் எனக்கு வழி தெரிந்தது.

இந்த நாய்கள் ஏன் சுற்றுகின்றன? பிறந்ததிலிருந்து பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருந்தவை. கம்பி இடுக்கில் மூக்கோடு மூக்கு வைத்துத்தான் தூங்குமாம், என் மகளே சொன்னாள். அவற்றை நாம் ஊருக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டோம். தேடுகின்றன, அதனால் சுற்றுகின்றன. சேர்த்துவிட்டால் நின்றுவிடும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முற்றம் உள்ள வீடு வேண்டும், கவனிக்க இரண்டு ஆள் வேண்டும். அது யார்? இவர்கள் இரண்டு பேரும்தான். நாய்க்காகவாவது ஒரு கூரைக்குக் கீழே வருவார்கள். வந்தால் மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

எனக்கு என் மகள் குடும்பம் நடத்துவதைப் பார்க்க வேண்டும், சம்பந்தி அம்மா. வேறு ஒன்றும் வேண்டாம். அதற்கு நாயைச் சாக்காக வைக்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஜூன் முதல் ஞாயிறு, உங்கள் முற்றம். நான் மகளையும் கண்டக்டரம்மாவையும் காரில் அழைத்து வருகிறேன். என் மகளிடம் மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் மகனை அன்றைக்கு வெளியே விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மே 15

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் திட்டம் எனக்குச் சம்மதம். வரும்போது முழங்காலுக்கு ஓய்வு கொடுத்து, வழியில் நிறுத்தி நிறுத்தி வாருங்கள்.

மாடி அறையில் கட்டிலை இந்தப் பக்கம் போட்டேன், பிறகு அந்தப் பக்கம் போட்டேன். திரைச்சீலையை மாற்றித் தைத்தேன். இரண்டு பேர் படுக்கிற மெத்தை ஒன்று பட்டறையில் கிடந்தது, அதற்குப் புது உறை போட்டேன். மகன் பார்த்துவிட்டு மேஸ்திரியை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இப்போதெல்லாம் காலையிலும் மாலையிலும் அவனோடு நடக்கப் போகிறான். இரண்டும் திரும்பி வரும்போது மூச்சு வாங்க, ஈரமாக, கொஞ்சம் சந்தோஷமாக வருகின்றன.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் யாரோ மணி அடித்திருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. மேஸ்திரி வந்து தாடியால் என் முழங்கையை இடித்தான். நான் பார்க்கவில்லை என்றதும் மறுபடி இடித்துவிட்டு வாசல் பக்கம் ஓடினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து எப்போது மணி அடித்தாலும் வந்து இடிக்கிறான். யோசித்துப் பார்த்தால் சில நாட்களாக அவன் மேஜையைச் சுற்றியதாக நினைவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. திட்டத்துக்குக் குறுக்கே எழுதவில்லை. அவர்கள் ஒன்றாகிவிட்டால் இவனையும் கொடுத்துவிடத்தான் வேண்டும், கொடுத்துவிடுவேன். நீங்கள் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஜூன் 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரி எழுதுவீர்கள் என்று பார்த்தேன்.

நான் பார்த்ததை எழுதுகிறேன். நான் கேட்காததை நீங்கள் எழுதுங்கள்.

கண்டக்டரம்மாவை உங்கள் மகள் இறக்கினாள். மேஸ்திரியை நான் அவிழ்த்துவிட்டேன். இரண்டும் மூக்கை நீட்டி முகர்ந்தன. நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள், நானும் அழுத்தினேன். அவ்வளவுதான். அப்புறம் இரண்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன. ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. முற்றம் முழுக்க இடம் இருக்க, அந்தச் சின்ன இடத்தில், இடப்பக்கமாகவே. வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு. மேஸ்திரியைக் கூப்பிட்டேன், அவன் என்னைத் தெரியாதவன் மாதிரி கடந்து போனான். அந்தக் கண்ணை நான் மறக்க மாட்டேன். ஜனவரியில் காரிலிருந்து இறங்கியபோது இருந்த கண் அது.

அதற்குள் உங்கள் மகள் கத்திக்கொண்டே ஓடி மேஸ்திரியைப் பிடித்தாள். மாடியிலிருந்து என் மகன் ஓடிவந்து கண்டக்டரம்மாவைப் பிடித்தான். முற்றத்தின் அந்தக் கோடியில், ஆளுக்கு ஒரு நாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். இரண்டு முதுகுகளைத்தான் நான் பார்த்தேன். நீங்கள் குழாயடியில் நின்றிருந்தீர்கள். உங்களுக்குக் கேட்டிருக்கும். பிறகு ஒருவரும் சாப்பிடவில்லை, நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

இவனைக் கேட்டால் மாடிக்குப் போய்விடுகிறான். என்ன பேசினார்கள் சம்பந்தி அம்மா? நல்லதாக ஏதாவது பேசினார்களா?

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஜூலை 11

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். என் கடிதம் வந்து சேரவில்லையோ? முழங்கால் வலி அதிகமாகிவிட்டதோ? ஐயா நலம்தானே?

தபால்காரர் வந்தால் மேஸ்திரி என்னை இடிக்கிறான், நான் ஓடுகிறேன், மின்சாரக் கட்டணம் வந்திருக்கிறது. இப்போது என்னை இடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான், இவளை எதற்கு ஓடவிட வேண்டும் என்பது போல.

தைத்த தையலைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறேன். ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 3

வணக்கம்.

மேலே யாருக்கு என்று எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இப்படியே விட்டுவிட்டேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இவரும் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. நான் வேண்டுமென்றுதான் எழுதவில்லை. ஒன்றும் பேசவில்லை, நாயைப் பற்றித்தான் பேசினார்கள் என்று ஒரு கடிதம் எழுதி உறையிலும் போட்டேன். கண்டக்டரம்மாவுக்குக் கார் என்றால் உயிர் என்று எழுதினேனே, அதே கை. அனுப்ப முடியவில்லை. இனி உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

அவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

என் மகள் சொன்னாள்: "அங்க கூண்டுல இதுங்க இப்படித்தான் சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணுக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வருது. சேர்த்து வைக்கவே கூடாது."

உங்கள் மகன் சொன்னார்: "தனியா இருந்தா நல்லாத்தான் இருக்கான் இவன். அம்மாவுக்கு மணி அடிச்சா வந்து சொல்றான்."

பிறகு அவர், "நீ எப்படி இருக்க?" என்றார்.

"இப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருக்கேன். நீ?"

"நானும்."

சண்டை இல்லை. அழுகை இல்லை. கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு தன்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. கத்தியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். பிறகு அவர் கேட்டார்: "அம்மாங்ககிட்ட யார் சொல்றது?" அதற்கு என் மகள், "உங்கம்மாவுக்குக் காது கேக்காது. எங்கம்மா யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் குழாயைத் திறந்துவிட்டேன், என் சத்தம் அவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று.

காரில் வரும்போது வழியில் நிறுத்திவிட்டு என் மகளிடம் சொன்னேன், "நான் இனிமே உன்னை அவனோட இருன்னு சொல்ல மாட்டேன்." அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு ஊர் வரும்வரை தூங்கினாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் தூங்கிய மாதிரி. வருகிற மாதம் இரண்டு பேரும் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறார்கள்.

கண்டக்டரம்மா ஒரு வாரம் காரை விட்டு இறங்கவில்லை. நான்தான் அவளை மறுபடி கூண்டில் தள்ளினேன் என்று எனக்கு அப்படி ஒரு வேதனை. இவர் தினமும் தட்டை ஒரு அடி ஒரு அடியாக வீட்டுப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டே போனார். நேற்று அவள் சமையலறைக்குள் வந்து சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு இவர் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் யாரும் இல்லை. சொந்தக்காரர்கள் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள், இனி அந்த வீட்டோடு என்ன கடிதப் போக்குவரத்து என்று. நீங்களும் அப்படி நினைத்தால் நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன். ஆனால் புரிந்துகொள்வேன்.

நான்தான்


ஆகஸ்ட் 10

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

வணக்கம். நலம். நீங்கள் எழுதிய நாளிலிருந்து கொஞ்சம் அதிக நலம்.

நான் ஒன்றை உங்களிடம் மறைத்தேன். அன்றைக்கு முற்றத்தில் பேச்சுக்கு நடுவே என் மகன் ஒரு முறை என் பக்கம் திரும்பினான். "நானும்" என்று அவன் சொன்னதை நான் பார்த்தேன். எதற்கு என்று தெரியாது. ஆனால் அவன் முகம் தெளிந்திருந்தது. ஒரு வருஷமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் உங்களிடம் கேட்டேன். நீங்கள் வழக்கம்போல மரியாதைக்காக ஒரு பொய் எழுதுவீர்கள், அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம் என்று பார்த்தேன். நீங்கள் எழுதவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு, இத்தனை வயதில் எனக்கு உண்மையை முழுசாகச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான் என்று தோன்றியது.

மாடி அறையில் போட்ட பெரிய மெத்தையை எடுத்துப் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது மனசு கேட்கவில்லை, அழுதுகொண்டேதான் பிரித்தேன். அந்தப் பஞ்சில் மேஸ்திரிக்கு ஒரு படுக்கை ஆயிற்று. அவன் அதில் படுக்காமல் பக்கத்தில் தரையில் படுக்கிறான். உங்கள் மகள் கொடுத்த நாய், சொல்லக் கூடாதுதான், ஆனால் சொல்கிறேன்: சரியான தலைக்கனம் பிடித்த நாய். நேற்று என் மூக்குக் கண்ணாடியைக் கடித்துத் துப்பிவிட்டான். இந்தக் கடிதத்தைப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குத்துமதிப்பாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை. நீங்கள் வாருங்கள். கண்டக்டரம்மாவை ஐயாவிடமே விட்டுவிட்டு வாருங்கள், அவளை மறுபடி இங்கே இறக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், கத்த வேண்டாம்.

நீங்கள் வருவதாக மகனிடம் சொன்னேன். "எதுக்கும்மா? எங்களுக்குள்ளதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே" என்றான்.

"உங்களுக்கு முடிஞ்சது சரிப்பா" என்றேன். "எங்க ரெண்டு பேருக்கும் இப்பத்தான் ஆரம்பம்."

காலையிலேயே கிளம்பி வாருங்கள். மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம்.

அன்புடன்,
உங்களுக்காகக் காத்திருக்கும்
நான்